கடல் கடக்கும் ஏடு

‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பது நம் பக்கத்துப் பழமொழி. ஓலையைப் பார்த்து ஓலை எழுதியோர் செய்த பிழைகளைச் சுட்ட எழுந்தது அது. அச்சு வந்தபின் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அச்சோடு கூடவே வேறொரு கவலை பிறந்தது. இன்று ஆசிரியனின் ஏட்டைக் கெடுப்பது எழுத்தன்று. ஒரு தாளின் அடியில் அவன் யோசியாமல் இடுகின்ற கையெழுத்து!

பொருளியல் மாணவியாகிய எனக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமா மடத்துக்குளத்துக்காரர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். ஞாயிறுதோறும் ஊருக்கு வருவார். இரவு ஷிப்டு இல்லாத நாட்களில், வாடகை அறையில் தரையில் அமர்ந்து, ஆர்டர் ஷீட்டுகளின் வெற்றுப் பின்பக்கத்தில் அவர் ஒரு நாவல் எழுதினார். அமராவதிப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் நம்பியிருந்த ஒரு குடும்பம், வறண்ட ஆண்டுகளில் வயலை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் பெயர்ந்த கதை. 2016இல் ஒரு பதிப்பகம் அதை முந்நூறு படிகள் அச்சிட்டது. மாமாவுக்கு இருபத்தைந்து படிகள் கிடைத்தன. பணம் எதுவும் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாரும் அப்போது அதை முழுமையாகப் படிக்கவும் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாண்டுகள் கழிந்து, 2024இன் இறுதியில் மாமாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கனடாவில் டொரோண்டோ நகரில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் அந்நாவலைப் படித்து, தாமாகவே நான்கு அத்தியாயங்களை ஆங்கிலமாக்கி, லண்டனில் உள்ள ஒரு சிறு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. “உரிமை யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டு எழுதியிருந்தார். மாமா மகிழ்ச்சியோடு தம் தமிழ்ப் பதிப்பாளரிடம் ஓடினார். அவரோ, “உலக உரிமை முழுக்க நம்மகிட்டத்தான் இருக்குது. நான் பேசிக்கிறேன். உங்களுக்கும் ஏதாவது பார்த்துச் செய்வோம்” என்றார். மாமாவும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்த ‘ஏதாவது’ என்ற சொல்தான் என்னை உறுத்தியது. “மாமா, அன்னைக்கு என்ன எழுதிக் கொடுத்தீங்க? அந்தக் காயிதம் இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“அதைய எதுக்கு அம்மிணி இப்பக் கேக்கற? யாருமே போடாதப்பப் போட்டவரு. நல்ல மனுசன்” என்றார்.

“நல்ல மனுசன்னா காயிதத்தைப் படிக்கக் கூடாதுங்களா?”

பீரோவில் நிலப் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் இடையில் அது கிடைத்தது. அரைப் பக்கம். ‘மேற்படி நாவலின் பதிப்புரிமையைத் தங்கள் பதிப்பகத்துக்கு மனமுவந்து அளிக்கிறேன்’ என்று ஒரே ஒரு வரி. கீழே மாமாவின் கையெழுத்து. 2016 ஆகஸ்டு என்று தேதி. எத்தனை ஆண்டுகளுக்கு? எந்தெந்த நாடுகளில்? எந்தெந்த மொழியில்? எவ்வளவு தொகைக்கு? ஒன்றும் இல்லை.

எல்லாம் போயிற்று என்றே நான் நினைத்தேன். எங்கள் பேராசிரியர் ஒருவர்தாம், “சட்டத்தைப் படித்துவிட்டுப் பிறகு அழு” என்று நூலகத்துக்கு அனுப்பினார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 19ஆம் பிரிவு, எழுத்தாளன் ஒவ்வொருவனும் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி என்பேன். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், எந்த நூல், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன ஊதியம் என்பன குறிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. குறிக்காவிட்டால்? அங்கேதான் நம் சட்டம் எழுத்தாளன் பக்கம் சாய்கிறது. காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தே ஆண்டுகள் என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். அதுமட்டுமன்று, பெற்றுக்கொண்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

மூன்று விதிகளையும் மாமாவின் அரைப்பக்கத் தாளின்மீது வைத்துப் பாருங்கள். ஐந்தாண்டு 2021 ஆகஸ்டோடு முடிந்தது. வெளிநாடு அந்தத் தாளுக்குள் வரவே இல்லை. மொழிபெயர்ப்பு உரிமை கொடுக்கப்பட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அதைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை. ஆக, லண்டன் உரிமை ஒருநாளும் மாமாவின் கையை விட்டுப் போகவே இல்லை! நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். நூலகர் ஐயா மன்னிக்க.

ஆனால் நிலப்பரப்பு பற்றிச் சட்டம் கூறுவது ஓர் அனுமானம்தான் என்று பேராசிரியர் எச்சரித்தார். ‘உலகெங்கும், எல்லா மொழிகளிலும், பதிப்புரிமைக் காலம் முழுதும்’ என்று மாமா எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் நில்லாது. பதிப்புரிமைக் காலமோ ஆசிரியர் மறைந்த பின்னும் அறுபதாண்டுகள் ஓடும். அந்த ஆறு சொற்கள் இல்லாமற் போனது மாமாவின் நல்லூழ். இன்று அச்சடித்த படிவங்களில் அந்தச் சொற்கள் பெரும்பாலும் இருக்கின்றன.

உரிமையின் பெறுமதி தெரியாமல் பிற்காலத்தில் தவித்தவர்களின் வரலாறு தமிழுக்குப் புதிதன்று. 1921இல் பாரதியார் மறைந்தபின் அவர் எழுத்துகளின் உரிமை கைமாறிக் கைமாறிச் சென்றது. பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் வழங்கும் உரிமை ஒரு படநிறுவனத்திடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு தலையிட்டு அவ்வுரிமைகளைப் பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. எல்லா எழுத்தாளருக்கும் அரசு அப்படி வருமா?

நாராயணன் வகுத்த எல்லை

கடல் கடந்த பதிப்பு என்றதும் தாகூரின் கீதாஞ்சலி நினைவுக்கு வரும். 1912இல் லண்டன் இந்தியா சொசைட்டி 750 படிகள் மட்டும் அச்சிட்டது. ஓவியர் ரோதன்ஸ்டைன் முன்னின்று பேசி மாக்மில்லன் நிறுவனத்திடம் சேர்ப்பித்தார். 1913இல் அந்தப் பதிப்பு வந்தது. அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. அது ஓர் அதிசயம். அதிசயங்களிலிருந்து ஒப்பந்தம் கற்க முடியாது.

கற்க வேண்டுமாயின் ஆர். கே. நாராயணனைப் பார்க்க வேண்டும். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த அவருடைய முதல் நாவலைப் பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பருக்கு, அந்தக் கையெழுத்துப் படியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி எழுதினார் என்பது பலரும் அறிந்த செய்தி. நண்பர் எறியவில்லை, கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். 1935இல் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலை வெளியிட்டது. விற்பனை குறைவு. அடுத்த நூலை 1937இல் நெல்சன் வெளியிட்டது. அதற்கடுத்ததை 1938இல் மாக்மில்லன். மூன்று நாவல், மூன்று பதிப்பகம்! அப்போது அவர் நிலை, சீசனுக்கு ஒரு பையரைத் தேடும் சிறு உற்பத்தியாளரின் நிலைதான்.

பின்பு அவர் செய்ததுதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1942இல் மைசூரில் ‘இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ்’ என்று சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். இங்கிலாந்தில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர், இந்தியாவில் தாமே. அமெரிக்காவில் அவரை முதலில் வெளியிட்டது 1953இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரி அச்சகம். நம்மைப் போல ஒரு கல்லூரி! பிறகுதான் வைக்கிங் போன்ற பெரிய நிறுவனங்கள். ஒரே நூல், மூன்று நிலப்பரப்பு, மூன்று வரவு. இந்திய வாசகன் இந்திய விலையில் வாங்க முடிந்தது.

தலைப்பும் பேச்சுவார்த்தைக்கு உரியதே. ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ என்று வந்த நாவல் அமெரிக்காவுக்குப் போனபோது ‘கிரேட்ஃபுல் டு லைஃப் அண்ட் டெத்’ ஆயிற்று. திரைப்படத்திலோ அதைவிடப் பெரிய மாற்றம். 1965இல் ‘கைடு’ படமானபோது அவருடைய மால்குடியே திரையில் காணாமற்போயிற்று. அந்த வருத்தத்தை அவர் ஒரு கட்டுரையாகவே எழுதினார்.

நம் கொங்கு நாட்டிலிருந்து

திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அவருடைய ‘மாதொருபாகன்’ 2010இல் நாகர்கோவில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2013இல் இந்தியாவில் பெங்குவின் வெளியிட்டது. அமெரிக்கப் பதிப்பு 2018இல் குரோவ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அவ்வாண்டே அங்குத் தேசிய நூல் விருதின் மொழிபெயர்ப்பு நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ‘பூக்குழி’யின் ஆங்கில வடிவம் இந்தியாவில் 2016இல் ஒரு பதிப்பகத்தாலும், லண்டனில் 2022இல் புஷ்கின் பதிப்பகத்தாலும் வெளியிடப்பட்டது. 2023இல் அது பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குச் சென்றது. அப்பட்டியலை எட்டிய முதல் தமிழ் நாவல் அதுவே. இந்தியாவில் ‘பூனாச்சி’ என்ற பெயரோடு ஆங்கிலத்தில் வந்த நாவல், அமெரிக்காவில் 2019இல் அந்தப் பெயரை உதறிவிட்டு ‘ஓர் ஆட்டின் கதை’ என்ற பொருள்படும் தலைப்போடு வந்தது. நாராயணனுக்கு நேர்ந்தது இன்றும் நேர்கிறது. பூனாச்சி என்ற பெயர் அமெரிக்கன் வாயில் நுழையாது என்று எண்ணினார்களோ என்னவோ! எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை.

இவ்வழியில் தமிழ்ப் பதிப்பாளரின் பங்கையும் மறைக்கக் கூடாது. காலச்சுவடு கண்ணன் பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சிக்குச் சென்று தமிழ் நூல்களுக்கு உரிமை பேசி வந்தவர். பிராங்பர்ட்டில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடப்பது நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சி போன்றதன்று. முதன்மையாக அங்கு விற்கப்படுவது புத்தகமன்று, உரிமை. நம் பக்கத்தில் நடக்கும் நிட் ஃபேரில் பையர்கள் சாம்பிளைத் தொட்டுப் பார்த்து ஆர்டர் பேசுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2023 ஜனவரி முதல் தமிழக அரசே சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை நடத்தத் தொடங்கி, பிற மொழிகளில் தமிழ் நூல்களைக் கொண்டுவர மொழிபெயர்ப்பு நல்கையும் அளிக்கிறது. ஆகவே பதிப்பாளரைப் பகைவர் என்று எண்ணி மேசையில் அமர்வது மடமை.

மாதொருபாகனுக்கு நேர்ந்த இன்னொன்றும் ஒப்பந்தம் படிப்பவர்க்கு முக்கியமானது. எதிர்ப்புக் கிளம்பியபின் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியர் ஓர் எழுத்துக்குக் கையெழுத்திட நேர்ந்தது. தம் நூல்களை இனி விற்க வேண்டாம், பதிப்பாளர்களுக்கு இழப்பீடு தருகிறேன் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அச்சத்தில் கையெழுத்திட்டவருக்கு நீதிமன்றம் துணை நின்றது. வழக்கின் செலவு? வெளிநாட்டு ஒப்பந்தங்களில் ‘உறுதிமொழியும் ஈடும்’ என்றொரு பிரிவு இருக்கும். நூலில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை என்று ஆசிரியர் உறுதி கூற வேண்டும். வழக்கு வந்தால் பதிப்பகத்தின் செலவையும் அவரே ஏற்க வேண்டும். லண்டன் வழக்கறிஞரின் ஒருநாள் கட்டணத்தை மடத்துக்குளத்தில் எந்த வயலை விற்றுக் கொடுப்பது? ஆதலின், ‘நான் அறிந்தவரையில்’ என்ற சொல்லையும், ‘நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பில் என் பிழை நிறுவப்பட்டால் மட்டும்’ என்ற சொல்லையும், ‘நான் பெற்ற தொகைக்கு மேற்படாமல்’ என்ற சொல்லையும் அங்கே சேர்க்கக் கேட்க வேண்டும்.

பதிப்பாளருடன் ஒரு மாலை

தைப் பொங்கல் கழிந்து மாமாவும் நானும் தமிழ்ப் பதிப்பாளரைக் காணச் சென்றோம். காப்பி வந்தது. நான் சட்டத்தின் நகலை மேசையில் வைத்தேன். அவர் படித்தார், முகம் சற்று மாறியது. பின், “நான் போடலைன்னா இந்தப் புத்தகம் ஏது? அந்தம்மா கனடாவுல எதைப் படிச்சிருப்பாங்க?” என்றார்.

அதில் உண்மை இருந்தது. மறுக்க என்னால் முடியவில்லை. முந்நூறு படிகளில் இன்னும் அறுபது அவருடைய கிடங்கில் இருந்தன. அவர் லாபம் கண்டவர் அல்லர். ஆனால் நட்டம் கண்டவருக்கு அதனாலேயே உலக உரிமை சேர்ந்துவிடாது என்பதும் உண்மை.

மாமா அதுவரை பேசவில்லை. திடீரென்று, “ஏனுங்க, நான் துணி வெட்டறவன். ஒரு மீட்டர் துணி குடுத்தா ஒரு மீட்டர்தான் வெட்டுவேன். நான் உங்களுக்குக் குடுத்தது தமிழ்த் துணி. அதைய நீங்களே வச்சுக்குங்க. இங்கிலீசுத் துணி இன்னும் தறியிலயே இருக்குது” என்றார்.

பதிப்பாளர் சிரித்துவிட்டார். அதன்பின் பேச்சு எளிதாயிற்று. தமிழ்ப் பதிப்புரிமை மேலும் ஐந்தாண்டுகளுக்கு அவருக்கே, விலையில் நூற்றுக்குப் பத்து உரிமத்தொகை, ஆண்டுக்கொருமுறை கணக்கு. பிறமொழி உரிமையும் பட உரிமையும் மாமாவுக்கு. ஆனால் இந்த ஆங்கிலப் பதிப்பில் வரும் வருவாயில் மட்டும் நூற்றுக்குப் பத்து தமிழ்ப் பதிப்பாளருக்குத் தருவதாக மாமா தாமே முன்வந்தார். வெளியே வந்ததும் நான் சண்டையிட்டேன். சட்டப்படி ஒரு பைசாவும் தரத் தேவையில்லையே! “அந்தப் பத்து சட்டத்துக்கு இல்ல அம்மிணி, போட்டதுக்கு” என்றார். இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் எனக்கு முடிவாகவில்லை.

பதினொரு பக்கம்

லண்டனிலிருந்து வரைவு ஒப்பந்தம் பதினொரு பக்கங்களில் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் திண்ணையில் அமர்ந்து படித்தோம். மாமாவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் இருபதாண்டுகள் எக்ஸ்போர்ட் ஆர்டர் பார்த்த கண் அவருடையது. நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பூர் வழக்கில் அதற்கொரு பெயர் சொல்வார்.

முதற்பிரிவு, ‘உலகெங்கும், எல்லா மொழிகளிலும்’ என்றிருந்தது. “ஒரு கலர்ல சாம்பிள் பார்த்துட்டு எல்லாக் கலரையும் கேக்கறாங்க” என்றார். ஆங்கிலம் மட்டும், இந்தியத் துணைக்கண்டம் நீங்கலாக என்று மாற்றக் கேட்டோம். லண்டன் பதிப்பின் விலை பன்னிரண்டு பவுன் என்று வைத்துக்கொண்டால், நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதை உடுமலையில் யார் வாங்குவார்? நாராயணன் காட்டிய வழியே இங்கும் வழி. இந்தியாவில் அச்சாகும் பதிப்பில் ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று அட்டையில் குறித்துவிட்டால் இரு பதிப்புகளும் மோதிக்கொள்ளா.

அடுத்தது உரிமத்தொகை. இங்கே கவனம் மிக வேண்டும். வரைவில் நூற்றுக்குப் பத்து என்றிருந்தது, நான் மகிழ்ந்தேன். ஆனால் அது நூல்விலையில் பத்தன்று, ‘நிகர வரவில்’ பத்து. கடைக்காரருக்கும் மொத்த விற்பனையாளருக்கும் பாதித் தள்ளுபடி கொடுத்தபின் பதிப்பகத்தின் கைக்கு வருவதே நிகர வரவு. பன்னிரண்டு பவுன் நூலில் நிகர வரவு ஆறு பவுன் என்றால், ஆசிரியருக்கு அறுபது பென்ஸ். விலையில் நூற்றுக்கு எட்டு என்று பேசியிருந்தாலோ தொண்ணூற்றாறு பென்ஸ். எட்டு பத்தைவிடப் பெரியதாகும் கணக்கு இதுதான்! ஐந்நூறு பவுன் முன்பணம் என்று கொண்டால், முதல் முறையில் 834 படி விற்ற பின்னரே அது ஈடாகும். இரண்டாம் முறையில் 521 படியிலேயே ஈடாகிவிடும். அதன்பின் விற்கும் ஒவ்வொரு படிக்கும்தான் புதுப் பணம் வரும். முன்பணம் என்பது அன்பளிப்பு அன்று. வரப்போகும் கூலியில் முன்கூட்டித் தருவது. விற்காவிட்டால் திருப்பிக் கேட்கக் கூடாது என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்த்த அம்மையாரின் ஊதியம் யாருடைய பங்கிலிருந்து என்பது வரைவில் தெளிவாக இல்லை. பதிப்பகம் தனியே தர வேண்டும் என்றும், அவர் பெயர் அட்டையிலேயே வர வேண்டும் என்றும் மாமா கேட்டார். “நாம தைக்கற சட்டையில தைச்சவன் பேரு எங்கியும் இருக்காது. புத்தகத்துலயாச்சும் இருக்கட்டும்” என்றார். பெயர் உரிமை நம் சட்டத்தின் 57ஆம் பிரிவிலும் உண்டு. பதிப்புரிமையை விற்றுவிட்ட ஆசிரியனுக்கும், நூல் தன்னுடையதென்று உரிமை கோரவும், தன் மதிப்புக் கெடும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் அது உரிமை தருகிறது.

விற்காமல் தேங்கிய படிகளைக் கழிவு விலைக்குத் தள்ளும் பிரிவைப் படித்ததும் மாமா, “இது காதர்பேட்டை” என்றார். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன்களை மலிவாக விற்கும் அந்தச் சந்தையை அறியாதவர் நம்மில் யார்? அப்படித் தள்ளுவதற்கு முன் அந்தப் படிகளை அதே விலைக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று சேர்க்கக் கேட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்த கண்ணி வேறொரு பிரிவில் இருந்தது. ‘நூல் அச்சில் இல்லாது போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்’ என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று ஒருவர் கேட்டால் ஒரு படி அச்சிட்டுத் தரும் முறை வந்துவிட்டது. மின்னூல் எப்போதும் கிடைக்கிறது. எனவே எந்த நூலும் ‘அச்சில் இல்லாது’ போவதே இல்லை! உரிமையும் என்றும் திரும்பாது. தொடர்ந்து ஈராண்டு ஆண்டுக்கு ஐம்பது படிக்குக் கீழ் விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணால் எழுதக் கேட்டோம். ஒப்பமிட்ட இருபத்துநான்கு மாதங்களுக்குள் வெளியிடாவிட்டாலும் திரும்ப வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயல்நாட்டில் உரிமத்தொகையிலேயே வரி பிடித்துக்கொண்டு அனுப்பக்கூடும். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடு உண்டு. இங்கு வருமானவரித் துறையிடம் வசிப்பிடச் சான்று பெற்று முன்கூட்டி அனுப்பினால் அதன் பயன் கிட்டும். அங்கே பிடித்த வரியை இங்கே காட்டிக் கழித்துக்கொள்ளவும் வழியுண்டு. வணிகவியல் துறை நண்பர்கள் இதை என்னைவிட நன்கு விளக்குவார்கள்.

எங்கள் திருத்தங்களை அனுப்பும்போது எனக்குக் கை நடுங்கியது. கோபித்துக்கொண்டு வேண்டாம் என்று விட்டுவிட்டால்? எட்டாண்டுக்குப் பின் வந்த ஒரே கதவு அன்றோ! மாமாவோ, “பேரம் பேசறவன்தான் சரக்கு நல்லதுன்னு நம்பறவன். பேசாமக் குடுத்தா பையருக்கே சந்தேகம் வந்துரும்” என்றார்.

பன்னிரண்டு நாட்களில் பதில் வந்தது. இந்தியத் துணைக்கண்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். பிற மொழிகளையும் விட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் வரும், ஊதியம் தனி. ஐம்பது படிக் கணக்கையும் ஏற்றார்கள். ஈட்டுப் பிரிவில், பெற்ற தொகைக்கு மேற்படாது என்பதை ஒப்பினார்கள். உரிமத்தொகையை மட்டும் நிகர வரவிலேயே வைத்து, பத்தைப் பன்னிரண்டரை ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எழுபத்தைந்து பென்ஸ். நாங்கள் கேட்ட தொண்ணூற்றாறும் இல்லை, அவர்கள் தந்த அறுபதும் இல்லை. ஏறத்தாழ நடுவில் நிற்கிறது.

மிஞ்சியிருப்பது பதினான்காம் பிரிவு. ஆசிரியர் எழுதும் அடுத்த நாவலை முதலில் அவர்களிடமே காட்ட வேண்டும் என்கிறது அது. காட்டலாம், தவறில்லை. ஆனால் ‘இதே நிபந்தனைகளின்படி’ என்ற சொற்கள் அதன் இறுதியில் உள்ளன. “அடுத்த சீசன் ஆர்டருக்கும் இந்த ரேட்டேவா?” என்று மாமா கேட்டார். அந்தச் சொற்களை மட்டும் நீக்கி, அறுபது நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும் என்று சேர்த்து, போன வியாழக்கிழமை எழுதியிருக்கிறோம். அடுத்த நாவலின் முதல் நாற்பது பக்கங்கள் பீரோவில், அந்த அரைப்பக்கத் தாளுக்கு மேல் இருக்கின்றன. இன்னும் பதில் வரவில்லை.